மாப்பிள்ளையின் சிடிகளும் எங்கள் பால்கனிப் புறாக்களும்

நூம்பல்,
வெள்ளிக்கிழமை.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை திருமுருகன் அவர்களுக்கு,

மாமனார் பூபாலன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை மைதிலியும் நலம். ஷோபனாவும் நலம் என்று எழுதினால் தங்களுக்குக் கோபம் வரும், நலமில்லை என்றால் பயம் வரும். ஆகையால் மூன்று வேளையும் சாப்பிடுகிறாள் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நான் உளறிவிடுவேன், தாங்களும் எடுப்பதில்லை. ஆகவே ஆவடி பாக்டரியில் லீவு லெட்டர் எழுதிப் பழகிய கையால் இதை எழுதுகிறேன்.

விஷயம் தங்கள் சிடிகளைப் பற்றியது. ஷோபனா தங்களிடம் கோபித்துக்கொண்டு வந்தபோது ஒரு சூட்கேசும் ஒரு பிஸ்கட் டப்பாவும் கொண்டுவந்தாள். சுகர் இருப்பவன் டப்பாவைத் திறந்திருக்கக் கூடாதுதான், திறந்துவிட்டேன். உள்ளே பூராவும் சிடி. பழைய சினிமாவாக இருக்கும் என்று நினைத்தேன். எங்க ஃபிளாட்டுல புறாத் தொல்லை தங்களுக்கே தெரியும். எல்லா பால்கனியிலயும் சிடி கட்டித் தொங்கவுட்டுக் கீறாங்க, வெயில்ல பளபளன்னு சுத்துனா புறா பயந்து ஓடிடும்னு ஒரு நம்பிக்கை. நானே ஸ்டூல் போட்டு ஏறி, சணல் கயித்துல ஒண்ணு விடாம கட்டிட்டேன். ஷோபனாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

புறா பயந்துச்சா? எங்க! அதுங்க சிடியில மூஞ்சி பாத்துகினு ஜோடி ஜோடியா நின்னு குறுகுறுன்னு பேசிக்குதுங்க. மேலயே எச்சம் வேற. அந்த நேரம் பாத்து நீங்க போன் பண்ணி, "மாமா, அங்க ஏதாவது சிடி கண்ல பட்டுச்சா?"ன்னு கேட்டீங்க. தொங்கற சிடிங்களுக்கு நேர் கீழதான் நான் நின்னுகினு இருந்தேன், ஒண்ணு மண்டைல இடிச்சுகினே இருக்குது. "இல்லியே மாப்ள"ன்னுட்டேன். ஏன் சொன்னேன், எனக்கே தெரியல. அதுக்கப்புறம் ஷோபனாதான் குப்பைல போட்டுட்டான்னு நீங்க நெனச்சு ஒரு மெசேஜ் அனுப்புனீங்களாம். அதுல இன்னா எழுதியிருந்துச்சுன்னு நான் கேக்கல. அத்தப் படிச்சிட்டு பாத்ரூம்ல போயி கொழாயத் தொறந்து வுட்டுகினு அழுதா. அதெல்லாம் எனக்கு வர வேண்டிய திட்டு மாப்ள.

அப்பறம்தான் ஒரு சிடிய எடுத்துப் பாத்தேன். உங்க கையெழுத்து. ஒண்ணுல 'மழைக்கு', ஒண்ணுல 'ஞாயிறு காலைக்கு', இன்னொண்ணுல 'சண்டைக்கு அப்புறம்'. சோல் பாட்டாமே, அமெரிக்காவுல கறுப்பினப் பொம்பளைங்க அந்தக் காலத்துல பாடுனது. பெரம்பூர்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் பெரியவர் ஊட்டுல உக்காந்து, அவரு இசைத்தட்டுலேர்ந்து ஒவ்வொண்ணா நீங்களே பொறுக்கிப் பதிவு பண்ணதாமே. அந்தப் பெரியவரும் இசைத்தட்டுங்களயெல்லாம் எடுத்துகினு ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டாராமே. இதெல்லாம் ஷோபனா சொன்னதும் ஸ்டூலப் போட்டு ஏறுனேன். எல்லாத்தையும் அவுத்து, எச்சம் போகட்டும்னு அத்தையோட வெளக்கு தேய்க்கிற பொடியப் போட்டு, தேங்கா நாரால அழுத்தித் தேய்ச்சேன். வெள்ளியாட்டம் இருந்ததெல்லாம் கண்ணாடியாட்டம் ஆயிடுச்சு. ஒண்ணத் தூக்கிப் பாத்தா அந்தாண்ட நிக்கற அத்தை அப்படியே தெரியறா, தலைல கைய வெச்சுகினு. அந்த வெள்ளியோடவே பாட்டும் போயிடுச்சாம்.

ஒண்ணு மட்டும் முடிச்சு அவுக்க வராததால பொடிக்குத் தப்பிச்சுது. அதான் அந்த 'சண்டைக்கு அப்புறம்'. கீழ் ஊட்டு ஜஸ்டினோட பழைய கார்லதான் சிடி போடற வசதி கீது. கயித்த அறுத்து எடுத்து, அதுல போட்டுக் கேட்டோம். மொதல்ல மூணு பொண்ணுங்க. ஒருத்தி நெஞ்சு வெடிக்கறாப்ல ஏதோ கேக்குறா, மத்த ரெண்டு பேரும் பின்னாடி நின்னு ஆமா ஆமான்றாங்க. அத்தை என்னைத் திட்டறப்ப அவ தங்கச்சிங்க ரெண்டு பேரும் கூட சேந்துப்பாங்களே, அதே மாதிரி கீது. நான் சிரிச்சுட்டேன். அடுத்தது ஒருத்தி தனியாப் பாடுனா. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, ஆனா போகாதன்னு சொல்றான்னு புரிஞ்சுது. சத்தம் போடல, ஒப்பாரி வெக்கல, மெதுவாதான் சொல்றா. இத்தப் போயி புறாவுக்குக் கட்டிட்டமேன்னு அந்தக் கார்லயே உக்காந்து அழுதேன் மாப்ள. ஜஸ்டின் பாவம், ஏசியக் கொறைக்கட்டுமா அங்கிள்னு கேட்டுது.

நீங்க ஹெட்போன மாட்டிகினு அந்தப் பொம்பளைங்களோடவே குடும்பம் நடத்தறீங்கன்றதுதான் ஷோபனாவோட கோவம். பாட்டக் கேட்டப்பறம் எனக்கு உங்க மேல வருத்தமே இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. எதுக்கு ஹெட்போன்? சத்தமா வெச்சு, அவளையும் பக்கத்துல உக்காரச் சொல்லியிருக்கலாமே.

தப்பு முழுக்க என்னுது. ஞாயித்துக்கெழம வாங்க. என்ன நாலு வார்த்தை திட்டுங்க, அத்தை வஞ்சிரம் வாங்கச் சொல்லிக் கீறா, சாப்புடுங்க, அவளக் கூட்டிகினு போங்க.

தங்கள் பெற்றோருக்கு என் வணக்கங்கள். தாங்கள் சகல சௌபாக்கியங்களும் பெற்று, கிழவன் செய்த பிழையை மட்டும் மறந்து, நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மாமனார்,
பூபாலன்

பி.கு.: திரு, நான் ஷோபனா. கவர் ஒட்டச் சொல்லி அப்பா என்கிட்டயே குடுத்தார், படிச்சிட்டேன். இதுல பாதி பொய். கட்டினது நான். ஒவ்வொண்ணும் உனக்கு என்னன்னு தெரிஞ்சுதான் கட்டினேன். அப்பா ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு, "வேணாம்மா, மாப்ள பொருள்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். நீ போன் பண்ணப்ப இல்லன்னு சொல்லச் சொல்லி ஜாடை காட்டினதும் நான்தான். பொடி போட்டுத் தேய்ச்சது மட்டும் அவர். அதுக்கு அவரை ஒண்ணும் சொல்லாதே, உனக்குத் திருப்பித் தரணும்னுதான் தேய்ச்சார். எனக்கு எதையும் திருப்பித் தர வழி தெரியல. ரொம்ப வெக்கமா இருக்கு. ஞாயித்துக்கிழமை நீ வர வேணாம். நானே வரேன், நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.