நோட்ஸில் செத்தவள்

புத்தகத்தை அரிக்கும் பூச்சி ஒன்று உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்; பாவம், அதுவாவது பக்கம் பக்கமாகப் போகிறது. நான் சொல்ல வந்தது, புத்தகத்தைத் தொடாமலே செரித்து, ஏப்பமும் விட்டுவிடும் ஓர் இனத்தைப் பற்றி. பெயர் நோட்ஸ் ஆசாமி. ஆங்கில இலக்கிய வகுப்பு எங்கெல்லாம் நடக்கிறதோ, அங்கெல்லாம் கடைசிக்கு முந்தின பெஞ்சில் நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள்.

இவர் ஏன் இலக்கியம் படிக்க வந்தார்? நல்ல கேள்வி, அவரும் அதைத்தான் கேட்கிறார். நாலு வார்த்தை இங்கிலீஷ் சரளமாகப் பேசி, கழுத்தில் அட்டை தொங்க, ஏசி அறையில் உட்கார வேண்டும் என்று வந்த மனுஷனிடம் கவிதையை நீட்டினால் கோபம் வராதா? "கஸ்டமர்கிட்ட போன்ல கவிதையா பாடப் போறேன்?" என்பார். பேராசிரியை ஒரு வரியை வாசித்து, கண்ணைத் துடைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இடிப்பார்: "மிஸ் அழறாங்கடா. இது பரீட்சைக்கு வருமா?"

வீட்டிலும் இதே லட்சணம்தான். அக்கா போனில் மாமியார் கொடுமையைச் சொல்லி விம்மினால், "சுருக்கமா சொல்லுக்கா" என்பார்.

போன வருஷம் இவருக்கு வாய்த்தது ஒரு தடித்த நாவல். புருஷன் விட்டுவிட்டுப் போன ஒரு தையற்காரியின் கதை. கடைசி அத்தியாயத்தில் அவள் ஆற்றுக்குப் போகிறாள். அதற்குக் கடையில் விற்கும் நோட்ஸை எழுதிய புண்ணியவானும் இதே இனம் அல்லவா? அதுவரை புரட்டிய களைப்பில், புருஷன் விட்ட பொம்பளை ஆற்றுக்கு வேறு எதற்குப் போவாள் என்று தானே முடிவு கட்டி, அவளை அங்கேயே மூழ்கடித்து, 'நீர் மரணத்தின் குறியீடு' என்று அடிக்கோடும் போட்டுவிட்டார். வகுப்பு மொத்தமும் அதை உருப்போட்டது.

ஒருத்தியைத் தவிர. பஸ்ஸில் நின்றபடியே நாவலை முழுக்கப் படித்த அதிகப்பிரசங்கி அவள். ஒரு பதிப்பகத்தில், வருகிற கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. இந்தத் தாளில் தேறினால்தான் அது. பரீட்சை ஹாலுக்கு வெளியே அவள் நம்மவரைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அவ சாகவே இல்லடா. மூஞ்சி கழுவிட்டு வந்து கடையைத் தொறக்கறா."

"நோட்ஸ்ல செத்துட்டா."

"புத்தகத்துல உசுரோட இருக்காடா!"

"பரீட்சை முடியற வரைக்கும் செத்தே கிடக்கட்டுமே, உனக்கு எங்க வலிக்குது? அவ பொழைச்சா நாங்க எல்லாரும் சாகணும்."

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. ஆனாலும் அந்தப் பெண் உள்ளே போய்த் தையற்காரியைக் கரையேற்றிக் கடை திறக்க வைத்தாள். பிழைக்கத் தெரியாதவள்!

தாள் திருத்தியவர் யார் என்கிறீர்கள்? இதே பெஞ்சிலிருந்து தேறிப் போய்ப் பேராசிரியர் ஆனவர். கட்டுக் கட்டாகப் பிணம் மிதந்து வந்த தாள்களுக்கு நடுவே ஒருத்தி மட்டும் உயிரோடு எழுந்து வந்தால் அவருக்குச் சந்தேகம் வராதா? வந்தது. உடனே நாவலைப் புரட்டினாரா? சே சே! நோட்ஸைப் புரட்டினார். சிவப்பு மையில் எழுதினார்: 'மாணவி நாவலைப் படிக்கவில்லை.'

அவள் தேறவில்லை. நம்மவர் முதல் வகுப்பு. அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னார்: "அப்பவே சொன்னேன்ல? அவளைக் கொன்னிருந்தா நீ பொழைச்சிருப்ப." அந்தப் பதிப்பக வேலையில் இப்போது இருப்பவரும் அவர்தான். எழுத்தாளர்கள் ரத்தத்தைச் சுண்ட வைத்து எழுதி அனுப்பும் கதைகளை, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? எனக்கு வயிறு எரிகிறது. சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தையற்காரி, ஆறு, கடை என்று இவ்வளவு நேரமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேனே, அந்த நாவலின் பெயர் என்ன, எங்கே கிடைக்கும் என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை அல்லவா? அதுதான் கதை தெரிந்துவிட்டதே!

வாருங்கள், வாருங்கள். கடைசிக்கு முந்தின பெஞ்சில் உங்களுக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறார்.