வெல்வெற் அண்ணையும் ஒபேராக்காரர் வீடுகளும்

ரொறன்ரோவில் இருக்கிற அத்தனை தமிழரிலும், ஒபேராப் பாடகர்கள் எந்த நிறச் சோபாவில் சாய்ந்து களைப்பாறுகிறார்கள் என்று தெரிந்த ஒரே மனிதர் எங்கள் வெல்வெற் அண்ணைதான். அவர்களில் ஒருவருடைய பாட்டையும் அவர் முழுசாகக் கேட்டது கிடையாது. "பாட்டு அவையின்ரை உத்தியோகமடா. கலை எண்டால் அவையின்ரை வீடுதான்" என்பார்.

ஒபேரா என்பது நம்முடைய கூத்து மாதிரி. கதை முழுக்கப் பாட்டு. சாகிறவர்கூடக் கால்மணி நேரம் பாடிவிட்டுத்தான் சாவார். அண்ணைக்கு, பெரிய வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டும் கடையில் வேலை. ஒருநாள் ஏணியோடு ஒரு ஒபேராப் பாடகி வீட்டுக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. உடம்பு மட்டும் பார்க்டேலில் நாங்கள் மூன்று பேர் இருந்த இரண்டு அறை அப்பார்ட்மென்றுக்கு வந்து சேர்ந்தது.

"குளிக்கிற அறையிலை சரவிளக்கு" என்றார், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல். "கட்டிலுக்கு ஏற மூண்டு படி. சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்கச் சிவப்புப் பட்டு."

"குளிக்கேக்கை ஆருக்கு அண்ணை சரவிளக்கு?" என்று கேட்டான் குகன். குகன் எங்கள் மூன்றாவது ஆள். ஆறடி இரண்டு அங்குலம், பேக்கரியில் வேலை.

"அவளுக்குத்தான். வேறை ஆருக்கு?"

பிறகு அண்ணை, நூல்நிலையத்தில் கழித்துவிடும் வீட்டு அலங்காரச் சஞ்சிகைகளை அள்ளிக்கொண்டு வரத் தொடங்கினார். எந்தப் பாடகர் படுக்கையறைக் கூரையில் மேகம் கீறுவித்தார், எவர் பியானோவுக்குப் பட்டுப் போர்த்தினார், எந்தப் பாடகியின் நாய்க்கு விதானம் வைத்த கட்டில் என்பதெல்லாம் விரல் நுனியில். நான் அப்போது கட்டட வரைகலை படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு அறையிலிருந்து எதை எடுக்கலாம் என்பதே பேச்சு. வீட்டுக்கு வந்தால் எதைச் சேர்க்கலாம் என்று அண்ணை நின்றுகொண்டிருப்பார். எனக்கு வீடுதான் பிடித்தது.

"ஏன் அண்ணை ஒபேராக்காரர் மட்டும் இப்பிடி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யோசிச்சுப் பார். மேடையிலை அவள் மகாராணி. அரண்மனையோ அட்டை. சாய்ஞ்சால் தூண் ஆடும். காலம் முழுக்க ஆடுற தூணுக்குப் பக்கத்திலை நிண்டு பாடினவள், வீட்டிலையாவது சாயிறதுக்கு ஒண்டு வேணும் எண்டு நினைக்க மாட்டாளோ?"

 

இரண்டு வருடத்தில் எங்கள் ஹோல் என்கிற முன்னறை ஆளே மாறிப்போனது. கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் இணைத்துச் சிவப்பு வெல்வெற் திரை. யாரோ தெருவோரம் போட்டுப்போன நிலைக்கண்ணாடிக்குத் தங்க நிறச் சட்டம். மூலையில் நின்ற வெந்நீர்க் குழாயைச் சாயம் பூசி, பளிங்கு வரியோடு மாபிள் தூணாக்கிக் கீறியிருந்தார். குளிர்ந்திருக்கும் என்று நம்பிக் கன்னத்தை வைத்தேன். சுட்டுவிட்டது. இடித்துப்போட்ட கலியாண மண்டபத்திலிருந்து ஒரு சரவிளக்கும் வந்தது. எங்கள் கூரையோ பதிவு, கையை உயர்த்தினால் முட்டும். குகன் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நெற்றியால் அதை அடித்துக் கிலுக்குவான். வீட்டுக்கு அழைப்பு மணியே தேவைப்படவில்லை.

அண்ணை போட்ட சட்டதிட்டமும் உண்டு. ஹோலில் இடுப்பில் கட்டுகிற சாரம் காயப்போடக் கூடாது. றைஸ் குக்கர் கண்ணில் படக் கூடாது.

இந்த நேரத்தில்தான் குகனுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. பெண் வசந்தி, கொழும்பில் மாமாவோடு இருந்தாள். ஒரு வருடமாக இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கடிதங்களைக் குகன் வேலைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். எல்லாவற்றிலும் கோதுமை மா. மாமா மாப்பிள்ளை இருக்கிற வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ஹோலில் நின்று படம் எடுத்து அனுப்பினோம்.

மாமாவிடமிருந்து ரெலிபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

"தம்பி, நான் யாழ்ப்பாணத்திலை முப்பது வருசம் படம் பிடிக்கிற ஸ்ரூடியோ வைச்சிருந்தனான். சிவப்புத் திரை, தங்கக் கண்ணாடி, மாபிள் தூண். எனக்கே சீலை கட்டிக் காட்டுறியளோ?"

"மாமா, அது எங்கடை ஹோல்" என்றான் குகன்.

"ஸ்ரூடியோவிலை நிண்டு படம் எடுக்கிறவன் காட்டேலாத வீட்டிலை இருக்கிறான். பிள்ளையை எப்பிடி அனுப்புறது?"

ஜன்னலைத் திறந்து, வெளியே பனியும் ஸ்ட்ரீட்காரும் தெரிய இன்னொரு படம் அனுப்பினோம்.

"பனியை இப்ப நல்லாத்தான் கீறுறாங்கள்" என்றார் மாமா. "இந்த மாசத்துக்குள்ளை வீட்டைக் காட்டாட்டில் சுவிஸ் மாப்பிள்ளைக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

அன்றைக்குக் குகன் சரவிளக்கில் இடிபட்டும் தலையைத் தடவவில்லை.

"திரையைக் கழட்டிப்போட்டு வெறும் சுவரை எடுப்பம்" என்றேன் நான்.

"வேண்டாமடா" என்றான் குகன். "இந்த ஹோலை ஒளிச்சுப்போட்டுக் கலியாணம் கட்ட எனக்கு ஏலாது."

அண்ணை அறைக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை எழும்பி வந்தால், ஹோலில் தங்கக் கைப்பிடி வைத்த நாற்காலியின் முதுகில் அண்ணையுடைய நீலச் சாரம் காய்கிறது. கண்ணாடிக்குக் கீழே றைஸ் குக்கர். வெல்வெற் திரையின் காலடியில் வெங்காயச் சாக்கு. மாபிள் தூணில் மூன்று சோடி சொக்ஸ். அண்ணை சாரத்தை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மடிப்பு இன்னும் ஒரு அங்குலம் கீழை விழவேணும்."

"உங்கடை பாடகி கண்டால் என்ன சொல்லுவாள் அண்ணை?"

"அவளின்ரை வீட்டிலையும் சொக்ஸ் காயும். சஞ்சிகைக்காரன் வரேக்கை எடுத்து ஒளிப்பாள்." சாரத்தை இன்னொருமுறை இழுத்துவிட்டார். "படத்தை எடு. கண்ணாடியிலை நான் விழாமல் எடு."

மாமாவின் தீர்ப்பு இரண்டு கிழமையில் வந்தது. "ஓம், இது வீடு. உந்த வெங்காயச் சாக்கை எந்த ஸ்ரூடியோக்காரனும் யோசிக்க மாட்டான்."

வசந்தி வந்தாள். கலியாணம் முடிந்து வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் வீதியைப் பார்த்த ஏழாம் மாடியில் குடியேறினார்கள். அண்ணை அளவு நாடாவோடு போனார். பயத்தில் நானும் கூடப் போனேன்.

"திரைக்கு என்ன நிறம் பிள்ளை?"

"வெள்ளை போதும் அண்ணை. சாதாரணமாய் இருந்தால் நல்லது."

குகன் என்னைப் பார்த்தான். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் "ஓம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமை, ஒரு குஞ்சம்கூட இல்லாத வெள்ளைப் பருத்தித் திரையைக் கொண்டுவந்து மாட்டினார். "குளிர் தாங்கப் பின்பக்கத்திலை தடிச்ச சீலை வைச்சுத் தைச்சிருக்கு" என்றார். வசந்திக்கு வலு சந்தோசம்.

கீழே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தற்செயலாக மேலே பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் நூறு ஜன்னல் இருக்கும், எல்லாம் சாம்பல். ஏழாம் மாடியில் ஒன்று மட்டும் இரத்தச் சிவப்பு வெல்வெற்.

"அண்ணை..."

"உள்ளை அவளின்ரை விருப்பம்" என்றார் வீதியைப் பார்த்தபடி. "வெளியாலை போறவை நினைக்கட்டும், ஆரோ பெரிய பாடகி இருக்கிறாள் எண்டு."

லோறன்ஸ் பஸ்ஸில் போனால் நான் அந்தச் சிவப்பு தெரிகிற பக்கத்து ஜன்னல் சீற்றைத்தான் பிடிப்பேன். கிடைக்காவிட்டால் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.