மங்கோலியத் தொண்டையும் மைக்செட் அண்ணாச்சியும்

பேசி முடித்த பெண் போனில் ஆசையாக எதையாவது கேட்டால், தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத ஆம்பளை தென்காசி வட்டாரத்தில் கிடையாது. என் பொய் மட்டும் மங்கோலியா வரைக்கும் போய்விட்டது.

அச்சன்புதூர் கோமதிக்கு மங்கோலியப் பாட்டென்றால் உயிர். ஆடு, குதிரை மேய்ப்பவர்கள் வெட்டவெளியில் பாடி வளர்த்த பாட்டாம். ஒரே தொண்டையில் இரண்டு சத்தம்: அடியில் உறுமல், மேலே விசில். பக்கத்திலேயே ரஷ்யாவுக்குள் இருக்கும் துவா பகுதிக்காரர்களும் இதில் கில்லாடிகளாம். இப்போது தோல் சட்டை போட்ட பையன்கள் குதிரைத்தலை செதுக்கிய பிடிலோடு டிரம்ஸும் கிட்டாரும் சேர்த்து மேடையை அதிரவிடுகிறார்கள் என்று வீடியோ வீடியோவாக அனுப்பினாள்.

"அது எனக்கும் கொஞ்சம் வருமே" என்றேன். (நான் உரக்கடைக்காரன். எனக்கு வருவது இருமல்.)

"நெசமாவா சொல்லுதீங்க? அப்போ நிச்சயத்தன்னிக்குப் பாடணும். என் கூட்டாளிங்க எல்லாம் வருவாளுவ. பொய் சொல்லுத ஆளு மட்டும் எனக்கு ஆவாது, பாத்துக்கிடுங்க."

மூன்று வாரம் வீடியோ பார்த்துப் பழகினேன். வீட்டில் உறுமினால் அம்மா, "ஏலே, சளி கட்டியிருக்கா?" என்று கஷாயத்தோடு வந்து நிற்பாள். சரியென்று குற்றாலத்துக்குப் போய் அருவி இரைச்சலுக்குள் நின்று உறுமினேன். பக்கத்தில் குளித்த புண்ணியவான் எனக்கு வலிப்பு என்று நினைத்து, ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து என் கையில் திணித்தார். உறுமல் ஒருவழியாக வந்தது. விசில் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

நிச்சயதார்த்தம் இலஞ்சி மண்டபத்தில். மைக்செட் பேச்சிமுத்து அண்ணாச்சி. தன் செட்டில் ஒரு கரகரப்பு வந்தால் சோறு இறங்காத மனுஷர். தட்டு மாற்றியதும் கோமதி மைக்கை என் கையில் கொடுத்தாள்.

உறுமினேன்.

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். "தம்பி, நிறுத்துங்க! செட்டு ஹம் அடிக்கு, உறுமுது!"

நிறுத்தினேன். சத்தமும் நின்றது. ஒயரை முறுக்கியவர், "சரியாயிட்டு, பாடுங்க" என்றார். பாடினேன். மறுபடியும் ஓடிவந்தார். மூன்றாம் தடவை, "எர்த் கோளாறு" என்று எர்த் கம்பி நட்ட குழியில் ஊற்ற ஒரு வாளித் தண்ணீரோடு வெளியே போனார். கோமதியின் அப்பா ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர், விசாரணையை ஆரம்பித்துவிட்டார். "என்ன வே, பழைய ஒயரையா கொண்டாந்தீரு?"

கூட்டாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோமதி முகம் சுண்டிப்போனது. போச்சு, பொய் தெரிந்துவிட்டது, இனி இந்தப் பெண் எனக்கில்லை என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது. சரி, கடைசியாக ஒரு தடவை என்று கண்ணை மூடி, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி உறுமினேன்.

உறுமலுக்கு மேலே மெல்லிசாக ஒரு விசில் எழுந்தது. ஐயோ, எனக்கே புல்லரித்துவிட்டது!

"மைக் கூவுது, மைக் கூவுது!" என்று அண்ணாச்சி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோமதி மேடையிலிருந்து இறங்கினாள்.

"அண்ணாச்சி! அது உங்க மெஷின் இல்ல, அவுக பாடுனது!"

"மெஷின்தாம்மா. முப்பது வருசமா கேக்கேன், எனக்குத் தெரியாதா? வேணும்னா இன்னொருக்கா பாடச் சொல்லு."

பாடினேன். மைக் இல்லாமல் வெறும் உறுமல்தான் வந்தது.

"பாத்தியா?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க போட்ட சத்தத்துல பயந்துட்டாக" என்றாள் கோமதி. நிச்சயப் பெண் மைக்செட்காரரோடு மல்லுக்கு நின்றதை மண்டபமே வேடிக்கை பார்த்தது.

கல்யாணமாகி நாலு வருஷமாகிறது. அந்த விசில் மறுபடி வரவே இல்லை. சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் மெஷின் கட்சி, மாப்பிள்ளை கட்சி என்று பந்தியிலேயே சண்டை. மெஷின் கட்சிக்குத் தலைவர் அண்ணாச்சி. என்னைத் தோற்கடிக்க, தன் செட்டு கூவியது என்று தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், பாவம்.

போன மாதம் மச்சினன் கல்யாணப் பந்தியில் எனக்கே மனசு உறுத்திவிட்டது. "கோமதி, அன்னைக்கு முன்னால எனக்கு விசில் வந்ததே இல்ல. பொய்தான் சொன்னேன். மெஷினாத்தான் இருக்கும் போல" என்றேன்.

அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"பாடும்போது கண்ணை மூடிட்டு நின்னீங்க. கேட்டது நான். உங்களுக்கு என்ன தெரியும்? பேசாம சாப்பிடுங்க."