பேன் லீவு

எல்லாரும் மாமியாரைப் பிரிந்து தனிக்குடித்தனம் போவார்கள். என் மனைவி என்னைப் பிரிந்து தனிக்குடித்தனம் போனாள். சண்டையெல்லாம் இல்லை. என் குறட்டைதான். அவள் நர்ஸ். நன்றாகத் தூங்கினால்தான் ஊசி சரியான இடத்தில் இறங்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துக்கொண்டாள்.

மகள் யாரிடம் இருப்பது? ஒப்பந்தத்தை நானே எழுதினேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். என் வாக்கியத்தில் ஓட்டை இருக்குமா? 'பள்ளி நாள் அம்மா முறை. லீவு நாள் அப்பா முறை.' வீட்டுப்பாடம், சடை பின்னல், அதட்டல் எல்லாம் அவளுக்கு. ஐஸ்கிரீம், ஊஞ்சல், "எங்கப்பாதான் பெஸ்ட்" எல்லாம் எனக்கு. அந்தப் பட்டத்துக்காகத்தான் இத்தனை தந்திரமும். அவள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை. அச்சகத்துக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் வாசலில் மனைவி, மகள், ஒரு பேன் சீப்பு.

"இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?"

"தலை பூரா பேன். போற வரைக்கும் அனுப்பாதீங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. லீவு சொல்லியாச்சு."

"அதுக்கு?"

"லீவுன்னா யார் முறை?"

முறைத்தேன்.

"முறைச்சாலும் உங்க முறைதாங்க."

"நான் சொன்னது ஜாலியா இருக்கிற லீவு!"

"அப்படி எழுதலையே! பிழை திருத்துறவர்தானே நீங்க?"

நானும் லீவு போட்டேன். சீப்பைக் கையில் எடுத்ததுமே மகள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

"அப்பா, நீ வேஸ்ட்! அம்மா சீவினா வலிக்கவே வலிக்காது."

ஒரே சீப்பில் பெஸ்ட் வேஸ்ட் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம், காலில் விழாத குறையாக மனைவிக்குப் போன் செய்தேன்.

"முறையை மாத்திக்கலாம்மா. லீவு நாள் உனக்கு, பள்ளி நாள் எனக்கு."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்!"

"சரிங்க. மத்தியானம் வந்து அவ தலையைப் பார்த்தேனே, ஒரு பேன்கூட இல்ல. உங்ககிட்டதான் சொல்லல. டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து ஸ்கூல். பரீட்சை வேற ஆரம்பிக்குது. புத்தகப் பை, யூனிஃபார்ம் எல்லாம் அப்பவே உங்க வாசல்ல வெச்சுட்டுத்தான் வந்தேன்."

கதவைத் திறந்தேன். இருந்தது.

தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். யோசிப்பதற்காக அல்ல; பேன்களும் முறை மாறி என்னிடம் வந்துவிட்டிருந்தன.