கரடி விட்ட கதை

ஒரு காட்டில், செல்போன் டவர் எடுக்கிற மேட்டுப் பக்கமாகப் பார்த்து, பரட்டை என்றொரு கரடி குகை பிடித்துக் குடியிருந்தது. கறையான் புற்றை இடித்துத் தின்பது அதன் தொழில். ஒன்றோடொன்று செருகிக் கட்டுகிற பிளாஸ்டிக் கட்டை செட்டுகளை வாங்கி அடுக்குவது அதன் பைத்தியம்.

இடித்துப் பிழைக்கிற ஜென்மத்துக்குக் கட்டுகிற பொம்மை மேல் எப்படி ஆசை வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாராயம் விற்றவன் கோயில் கட்டுவதில்லையா? அந்த மாதிரிதான்.

குகைக்குள் பாறைத் திட்டு முழுக்கப் பெட்டிகள். பாலம், கோட்டை, காவல் கோபுரம், கறையான் புற்று என்று விதவிதமாக. ஒன்றைக்கூடப் பரட்டை பிரித்ததில்லை. பிரித்தால் மதிப்பு போய்விடும் என்பது சேகரிக்கிறவர்கள் சாஸ்திரம்.

"பிரிக்கக் கூடாது, கட்டக் கூடாது, குட்டிங்க தொடக் கூடாது. உள்ள கட்டைதான் இருக்குன்னு உனக்கு எப்படிய்யா தெரியும்? கல்லைப் போட்டு ஒட்டியிருந்தா?" என்று கேட்டது அதன் வீட்டுக்காரி சடைச்சி.

"குலுக்கிப் பார்த்தேன். சத்தம் வருது."

"உன் தலையைக் குலுக்கினாலும்தான் வருது."

பெட்டிகளாவது பரவாயில்லை. பரட்டையின் உயிர் குட்டிப் பொம்மைகளில் இருந்தது. 'நம்ம காடு' என்று அந்தக் கட்டைக் கம்பெனி வருஷத்துக்கொரு சீரிஸ் விடும். ஒட்டிய பொட்டலத்தில் வரும். உள்ளே எந்த மிருகம் என்று பிரித்தால்தான் தெரியும். யானை வந்துவிட்டது. மான் வந்துவிட்டது. எருமை வந்தது, எருமை முதுகில் உட்காருகிற கொக்கும் வந்தது. சாணி உருட்டுகிற வண்டுக்குக்கூடப் பொம்மை வந்துவிட்டது. அது உருட்டுகிற சாணி தனி உதிரிப் பாகம்.

கரடி மட்டும் வரவில்லை.

திட்டில் யானைக்கும் மானுக்கும் நடுவே ஓர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தது பரட்டை. மற்றப் பொம்மைகளைத் துடைக்காவிட்டாலும் அந்தக் காலி இடத்தைத் தினம் துடைக்கும். பக்கத்துப் புதரில் குடியிருந்த செவியன் என்ற முயலும் பொம்மைப் பைத்தியம்தான். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"மாமா, கம்பெனிக்காரன் உங்களை மறந்துட்டானா, இல்ல அளவெடுக்க வரப் பயப்படுறானா?"

பரட்டை உறுமும். உறுமி என்ன செய்ய? முயலுக்கு மூன்று பொம்மை வந்திருந்தது. நின்ற முயல், உட்கார்ந்த முயல், கேரட் கடித்த முயல். உறுமலுக்கு அங்கே மதிப்பில்லை.

இப்படி இருக்கையில், அஞ்சுகம் என்ற கிளி ஒரு சேதி கொண்டுவந்தது. அஞ்சுகம் டவுனில் ஜோசியக்காரரிடம் சீட்டு எடுத்துக்கொண்டிருந்த கிளி. ஒரு நாள் கூண்டைச் சாத்த அவர் மறந்ததும் வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்கு வந்து, சொந்தமாகச் சேனல் ஆரம்பித்திருந்தது. அடுத்து என்ன செட் வரப்போகிறது, எந்தப் பொம்மை வரப்போகிறது என்று சொல்வதுதான் நிகழ்ச்சி. ஜோசியத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இங்கே விளம்பரம் உண்டு, அவ்வளவுதான்.

"வணக்கம் உறவுகளே! கம்பெனி ஆபீஸ் ஜன்னல்லயே உட்கார்ந்து என் காதால கேட்டேன். மேனேஜரு சொன்னதை அப்படியே சொல்றேன். 'இந்த வருஷம் கரடி விடுவோம்!' கேட்டீங்களா உறவுகளே? கரடி! விடுறாங்க!"

கேட்டதைக் கேட்டபடி சொல்வதற்குக் கிளியை விட்டால் வேறு ஆள் ஏது? காடே நம்பியது. பரட்டை அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. நகம் பட்டுப் பட்டுப் போன் கண்ணாடி விரிசல் விட்டது. பிறகு காலி இடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிற்று.

"இதுக்கு ஏன்யா அழுவுற?" என்றது சடைச்சி.

"நம்ம மூஞ்சியை ஒருத்தன் உட்கார்ந்து செதுக்கியிருக்கான் புள்ள. நம்ம மூஞ்சியை!"

"அழுதது போதும். தேனடைப் பக்கம் எதுக்குக் கை போகுது?"

மழைக்காலத்துக்கென்று பாறை இடுக்கில் பத்திரப்படுத்திய மலைத்தேனடை அது. முழுசாக ஒரே ஓர் அடைதான் இருந்தது.

"மழை புடிச்சா வெளிய தலைகாட்ட முடியாது. அப்ப குட்டிங்க எதை நக்கும்? பெட்டியையா?"

"பாதிதான் எடுப்பேன். பேரம் பேசி வாங்குவேன்."

"நீயா? பேரமா?" சடைச்சி திரும்பிப் படுத்துக்கொண்டது. சண்டை போட்டிருந்தால்கூடப் பரட்டைக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

பொம்மை விற்கிற நாளில் ஆலமரப் பொந்துக் கடை முன்னால் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. கடைக்காரர் கெட்டியப்பன், உடும்பு. டவுனில் பழைய மார்க்கெட் கூரையில் வளர்ந்து, வியாபாரத்தை மேலிருந்தே பார்த்துப் பழகியவர். வாசலில் பலகை மாட்டியிருந்தார்: 'தொட்டால் எடு. நகம் பட்டால் நட்டம் உனது.'

முயல்களுக்கு இது பிரச்சினையே இல்லை. பஞ்சுக் கையால் பொட்டலத்தைத் தடவி, உள்ளே காதா கொம்பா என்று கண்டுபிடித்துவிடும். கரடி தடவினால் பொட்டலம் கிழியும். ஆகவே பரட்டை அஞ்சுகத்தை அமர்த்திக்கொண்டது. சீட்டு எடுத்த மூக்குக்குப் பொட்டலம் எடுக்கத் தெரியாதா?

"அண்ணாச்சி, பாதி அடை கொண்டாந்திருக்கேன். எத்தனை பொட்டலம் தருவீங்க?"

"பாதி அடைக்கு வேடிக்கை பார்க்கலாம் கரடியாரே. ஓரமா நின்னு பாருங்க."

"அப்ப வேண்டாம். நான் வர்றேன்."

பேரத்தில் திரும்பி நடப்பது ஒரு வித்தை. கால் முன்னால் போக வேண்டும், காது பின்னால் இருக்க வேண்டும். கூப்பிடாவிட்டால் அப்படியே வீட்டுக்குப் போய்விடுகிற நெஞ்சும் வேண்டும். அந்த நெஞ்சு இல்லாதவன் கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துத் தொலைவான். தான் கெட்டதோடு பின்னால் நிற்கிறவனுக்கும் விலையை ஏற்றிவிட்டுப் போவான். பரட்டைக்கு நெஞ்சு இல்லை. இரண்டு எட்டு வைத்தது, நின்றது, மூக்கைச் சொறிந்தது.

உடும்பு பார்த்துவிட்டது. அப்புறம் என்ன? உடும்புப் பிடிதான்.

பரட்டை வீட்டுக்கு ஓடிப்போய் மீதி அடையையும் தூக்கி வந்தது. அதற்குக் கை கொள்ளுமட்டும் பொட்டலம் என்று முடிந்தது. அஞ்சுகம் ஒய்யாரமாக நடந்து, ஒரு பொட்டலத்தை இழுத்துப் போட்டு, மறுபடி வேறொன்றை இழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நெல் கொறித்தது. பாவம், அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். நெல்லுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை எடுக்கும். நெல்லை வைத்ததோ உடும்பு.

பரட்டை அங்கேயே உட்கார்ந்து பிரித்தது. முயல். கொக்கு. கேரட் கடித்த முயல். சாணி வண்டு, சாணி இல்லாமல். அடுத்த பொட்டலத்தில் வண்டில்லாமல் சாணி. எல்லாம் போன வருஷத்துச் சரக்கு. கடைசிப் பொட்டலத்தை நெற்றியில் ஒற்றி, குலதெய்வத்தைக் கும்பிட்டுக் கிழித்தது.

உள்ளே உடும்பு. கையில் குட்டிக் கல்லாப்பெட்டி.

"ஏ கிளி!" பரட்டை போட்ட சத்தத்தில் வரிசை கலைந்தது. "கரடி விடுறாங்கன்னு சொன்னியே, எங்கடி கரடி?"

"நான் பொய் சொல்லலையே! கேட்டதைத்தான் சொன்னேன். வேணும்னா முழுசாச் சொல்றேன்." அஞ்சுகம் கழுத்தைச் சிலுப்பி, மேனேஜர் குரலிலேயே பேசியது. "'புதுசா ஒண்ணும் தயாராகலைய்யா. அதனால என்ன? பழசையே பொட்டலம் கட்டு. கேட்டா இந்தா வருது, அந்தா வருதுன்னு சொல்லு. போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் கரடி விடுவோம்!' ஒரு எழுத்து மாத்தலை உறவுகளே."

உடும்பு வயிறு குலுங்கச் சிரித்தது.

"கரடியாரே, உமக்குத் தெரியாதா? டவுன்ல கரடி விடுறதுன்னா பொய் சொல்றது. புளுகுறது. 'சும்மா கரடி விடாதே'ம்பான்."

பரட்டைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ரோமம் எல்லாம் நட்டுக்கொண்டது.

"பொய்க்கா எங்க பேரு? நரி சொல்லாத பொய்யா? அது சொன்னா தந்திரம், பாடப் புத்தகத்துல போடுவீங்க. நான் பாட்டுக்குப் புத்தைத் தோண்டிப் பொழைக்கிறேன். என் பேரா கெடச்சுது?"

செவியன்கூட வாயை மூடிக்கொண்டிருந்தது. அதுதான் ரொம்ப வலித்தது.

குகைக்கு வந்ததும் சடைச்சி கையைப் பார்த்தது. கையில் தேன் இல்லை, கரடியும் இல்லை, ஓர் உடும்புதான் இருந்தது. பாறை இடுக்கில் ஒட்டியிருந்த தேன் பிசுக்கைச் சுரண்டிக் குட்டிகளுக்குக் கொடுத்தது.

அதைப் பார்க்கத் தாங்காமல் பரட்டை கோட்டைப் பெட்டியைத் தூக்கி ஓங்கித் தரையில் அடித்தது. பெட்டி வெடித்துக் கட்டைகள் சிதறின. பாலத்தை அடித்தது, கோபுரத்தை அடித்தது. குகை முழுக்கக் கட்டை. குட்டிகள் ஹோவென்று பாய்ந்து விழுந்து புரண்டன.

"பரவாயில்லையே, கல்லு இல்ல, கட்டைதான் இருந்திருக்கு," என்றது சடைச்சி.

மூச்சு வாங்க உட்கார்ந்த பரட்டையின் கையில் ஒரு கறுப்புக் கட்டை அகப்பட்டது. இன்னொரு கறுப்புக் கட்டையில் செருகிப் பார்த்தது. 'டக்' என்றது. ஆயுசில் அந்தச் சத்தத்தை அது கேட்டதே இல்லை. நல்ல சத்தமாக இருந்தது. ஆயிரம் புற்றை இடித்தவனுக்கு எதன் மேல் எது நிற்கும் என்று தெரியாமலா போகும்? கால் வந்தது, தொந்தி வந்தது. நெஞ்சில் வெள்ளைப் பட்டைக்குப் பாலத்தின் கைப்பிடியை ஒடித்து வைத்தது. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு.

"மூக்கு மட்டும் உன்னது மாதிரியே சப்பை," என்ற சடைச்சி, காலி இடத்தை ஊதிவிட்டு அதை எடுத்து வைத்தது. இரண்டும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றன.

ஆறுதல் சொல்லலாம் என்று வந்த செவியன் வாசலிலேயே துள்ளியது.

"மாமா! கரடி! எங்க மாமா கெடச்சுது?"

"நானே கட்டினேன் மாப்ளே," என்றது பரட்டை, நெஞ்சை நிமிர்த்தி.

செவியனின் காது இரண்டும் தொங்கின. "ஓ... கையால கட்டினதா. நான்கூடக் கம்பெனி விட்டதுன்னு நினைச்சேன்." திரும்பிப் போக எத்தனித்தது.

உண்மைக்கு அவ்வளவுதான் விலை. சடைச்சி குறுக்கே வந்தது.

"விளையாட்டுக்குச் சொல்றாருப்பா. அது ரகசியப் பதிப்பு. யார்கிட்டயும் சொல்லிராத. இன்னும் கொஞ்சம் பொட்டலம் இருக்கு, எதுல கரடி இருக்குன்னு எங்களுக்கே தெரியாது."

யாரிடமும் சொல்லாதே என்றால் முயலுக்குக் கால் தரையில் நிற்குமா? செவியன் அஞ்சுகத்திடம் சொன்னது. அஞ்சுகம் உறவுகளிடம் சொன்னது. பொழுது சாய்வதற்குள் குகை வாசலில் வரிசை. பரட்டை தேக்கிலையில் நாலு கட்டையோ ஒரு பழைய பொம்மையோ வைத்து மடிக்க, சடைச்சி தேன்மெழுகால் ஒட்டியது. பெயர், 'இயற்கைப் பொட்டலம்'. ஆளாளுக்குக் கிழங்கும் பழமுமாகக் கொட்டிவிட்டு வாங்கிப் போனார்கள்.

மறுநாள் உடும்பே வந்தது. ஆலமரத்தடியில் ஈ ஓட்டுவதற்கு ஈகூட வரவில்லையாம்.

"கம்பெனி கரடி விடலைன்னு எனக்குத் தெரியும் கரடியாரே."

"கம்பெனி விடலை அண்ணாச்சி. நாங்க விடுறோம்."

உடும்பு வரிசையைத் திரும்பிப் பார்த்தது. மெய்யா பொய்யா என்பது வாங்குகிறவன் கவலை. வரிசை எவ்வளவு நீளம் என்பது விற்கிறவன் கவலை.

"மீதி இருக்கிறதை மொத்தமா எடுத்துக்குறேன். பாதி அடை தர்றேன்."

"பாதி அடைக்கு வேடிக்கை பார்க்கலாம். ஓரமா நின்னு பாருங்க."

உடும்பு திரும்பி நடந்தது. இரண்டு எட்டு வைத்தது, நின்றது. பரட்டை கூப்பிடவில்லை. குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது எட்டு வைக்க உடும்புக்குக் கால் எழவில்லை.

முழு அடையும் பாறை இடுக்குக்குத் திரும்பி வந்தது. மழைக்கு முன்னாலேயே குட்டிகள் அதை நக்கிப் பார்த்துச் சடைச்சியிடம் அடி வாங்கின. உடும்பு ஆசை தாளாமல், வாங்கிய கையோடு ஒரு பொட்டலத்தை அங்கேயே பிரித்தது.

உள்ளே உடும்பு. கையில் குட்டிக் கல்லாப்பெட்டி.

"யோவ், இதுல கரடி எங்கய்யா?"

"விட்டாச்சே அண்ணாச்சி," என்றது பரட்டை. "அப்படின்னா என்னன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

நீதி: கரடி வரும் வரும் என்று காத்திருக்காதே. விடு.