ரூம் இல்ல மாஸ்டர்

டூரிஸ்ட் காரைக் கண்டதும் கேட்டைப் பூட்டிய ஒரே மனிதர், மொத்தக் கொடைக்கானலிலும் எங்கள் அட்டுவம்பட்டி தெருவில்தான் இருந்தார். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘ரூம் இல்ல மாஸ்டர்’ என்றால் டாக்ஸிக்காரர் நேரே கொண்டுபோய் விடுவார்.

பிள்ளைகளை லெஃப்ட் ரைட் போடவைத்தே ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் அவர். பக்கத்துப் பள்ளியில் டீச்சரான நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன்.

திடீரென்று தெருவுக்கு ஹோம்ஸ்டே காய்ச்சல் கண்டது. முனை வீட்டுக்காரர் குடியிருந்தவர்களைக் காலிசெய்ய வைத்துவிட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, ‘வேலி வியூ’ என்று போர்டு மாட்டினார். ஒரே மாதத்தில் தெருவே மஞ்சள், தெருவே ‘வேலி வியூ’. எதிர்வீட்டு ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு ஏது, பக்கத்து வீட்டு முள்வேலிதான் தெரியும். அந்த வகையில் பெயர்ப் பொருத்தம் பிரமாதம்! ஆனால் என் பாடுதான் திண்டாட்டம். வாடகைக்கு வேறு வீடே இல்லை. இந்த மாடி போனால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஒருநாள் தெருவே திரண்டு வந்தது.

“மாஸ்டர், ஊர் ஓடினா ஒத்து ஓடணும்ங்க. டீச்சரக் காலி பண்ணச் சொல்லுங்க.”

“ஓடுறேன். எங்க ஓடுறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க.”

எல்லோரும் முனை வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார்.

“ஏலே, போயிச் சோலியப் பாருங்க! அபௌட் டர்ன்!”

பாதிப் பேர் நிஜமாகவே திரும்பிவிட்டார்கள். அவரிடம் படித்தவர்கள். மாடியில் நின்று நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

மறுநாள் அவர் கேட்டில் ‘ரூம் இல்லை’ என்று போர்டு தொங்கியது. வந்தது வினை! “எப்பவும் ஃபுல்லாம், செம இடம் போல” என்று கார்கள் வரிசைகட்டின. அதைப் பார்த்த தெரு யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வீடு ‘ரூம் இல்லை’ மாட்டியது. சீசன் கூட்டம் போர்டுகளைப் படித்துவிட்டு நேரே பக்கத்து ஊரான பள்ளங்கிக்குப் போய்விட்டது.

அப்புறம் எட்டு வருஷம் அந்த மாடியில் இருந்தேன். வேலை மாறி மதுரைக்குப் போய், போன மாதம்தான் திரும்ப அங்கே போனேன். தெரு இப்போது முழுக்க நீலம். மாஸ்டர் கேட்டில் மட்டும் அதே போர்டு, துருப்பிடித்து. தட்டினேன்.

“ரூம் இல்ல!”

“மாஸ்டர், நான்தான், மாடி டீச்சர்.”

கதவு திறந்தது.

“பனி கொட்டுது, வெரசா உள்ள வா. ஒனக்கு எதுக்கும்மா ரூமு? மேல ஒன் வீடு சும்மாதான கெடக்கு.”