முத்து நிற டைல்ஸும் ஒரு நீல டிரம்மும்

எந்தச் சரக்கு எந்தப் பெட்டிக்குள் அடங்கும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. தூத்துக்குடி துறைமுகத்தை நம்பியிருக்கும் ஒரு சரக்கு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். தென்னைநார்க் கட்டு, உப்பு மூட்டை, கிரானைட் பலகை என்று எதைக் காட்டினாலும் கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து, இருபதடி கன்டெய்னருக்குள் இத்தனை போகும், இதை முதலில் ஏற்று, இதைக் கடைசியில் ஏற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இதுவரை ஒரு மூட்டைகூட வெளியே நின்றதில்லை. அப்பேர்ப்பட்டவனுக்குத் தன் வீட்டுக் குளியலறைக்குள் ஒரே ஒரு தண்ணீர் டிரம்மை வைக்கத் தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. (இப்போது பழகிவிட்டது. என் வீட்டில் இருந்தால் உங்களுக்கும் பழகிவிடும்.)

எல்லாவற்றுக்கும் தொடக்கம் பயம். என் ஒரே மகள் பூரணி விருதுநகரில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. அவளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே குளியலறை, கக்கூஸும் அதற்குள்தான். அதன் சிமெண்டுத் தரை எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் தேய்ந்து தேய்ந்து கெண்டை மீனின் முதுகு மாதிரி ஆகியிருந்தது. அதில்தான் பூரணி கால் வைக்க வேண்டும். அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருப்பேன். திடீரென்று மனசுக்குள் அவள் வழுக்குவாள். பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

என் மனைவி வள்ளி நடைமுறைக்காரி. "சறுக்காத தரையா பாத்துப் போடுங்க. அவ்வளவுதான் வேணும்" என்றாள்.

சறுக்காத தரை. இரண்டே வார்த்தை. அதைச் சொல்லிக்கொண்டேதான் டைல்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸ் ஒன்றை முதலில் எடுத்து வைத்தார். அது நல்ல டைல்ஸ். உழைப்பாளி மாதிரி இருந்தது. நான் அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த இன்னொன்றின் மேல் வாசல் வெளிச்சம் பட்டது.

அதன் நிறத்தை எப்படிச் சொல்வது? வெள்ளை இல்லை. ரோஜாவும் இல்லை. சிப்பியைப் பிளந்தால் உள்பக்கம் ஒரு நிறம் ஓடுமே, தலையை அசைத்தால் கூடவே அசையுமே, அது. முத்துக்குளித்துறையில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் கடலுக்குள் இறங்காதவன் நான். (பயம்தான்.) ஆனால் அந்த டைல்ஸுக்கு முன்னால் நின்ற சில நிமிடங்கள் நான் ஆழத்தில் இருந்தேன். மேலே எங்கோ வெயில் உடைந்து உடைந்து மிதந்தது. காதுக்குள் இரைச்சல் அடங்கியிருந்தது. ஒரு பெரிய சிப்பி வாய் திறந்து, அதற்குள் என் மகள் ஈரத் தலையை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, அது செவத்துக்கு உள்ளது" என்றார் கடைக்காரர். "தரைக்குப் போட்டா சறுக்கும் பாத்துக்கிடுங்க."

நான் அதை எடுத்துத் தரையில் போட்டு மேலே ஏறி நின்றேன். முன்னும் பின்னும் காலைத் தேய்த்துப் பார்த்தேன். "எங்க சறுக்குது? நல்லாப் பிடிக்குதே" என்றேன்.

"நீங்க ரப்பர் செருப்பு போட்டிருக்கிய. தண்ணியும் ஊத்தல."

"இதுவே இருக்கட்டும்" என்றேன், ஆழத்திலிருந்து.

டைல்ஸ் இடுக்கில் பூசுகிற கிரவுட்டுக்கு நிறம் தேர்ந்தெடுக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். கொத்தனார் தாசன் ஒரு நிற அட்டையைக் கொடுத்து, "சாம்பலப் போடுங்க அண்ணாச்சி, அழுக்கு தெரியாது" என்றார். நான் அந்த அட்டையோடு உப்பளப் பக்கம் போய், அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடந்த உப்போடு ஒவ்வொரு நிறத்தையும் ஒட்டிப் பார்த்தேன். அங்கே வேலை செய்த பெண்கள் இருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒருத்தி, "ஏளா, உப்புக்குக் கலர் பாக்காவ போலுக்கு" என்றாள். உப்பு வெள்ளையே முடிவானது.

அடுத்தது வேனிட்டி. வாஷ்பேசினுக்கு அடியில் இரண்டு கதவு போட்ட அலமாரி வைத்தால் அதற்கு அந்தப் பெயராம். குழந்தையின் எண்ணெய், பொடி, துண்டு எல்லாம் அதற்குள் வரிசையாக இருக்கும், பூரணி தேடாமல் எடுக்கலாம் என்று நான் கண்ட கனவில் அதற்கும் இடம் இருந்தது. கட்டம் போட்ட தாளை எடுத்து, ஐந்தடிக்கு ஏழடி அறையை வரைந்து, கன்டெய்னர் போல அடுக்கினேன். குழாய் மூலையில் வேனிட்டி. எதிரே கக்கூஸ். மூன்றாவது மூலை குளிக்க. ஒரு துளி இடம் வீணாகவில்லை.

"டிரம் எங்கன வைப்பிய?" என்றார் தாசன்.

கார்ப்பரேஷன் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அதனால் எங்கள் குளியலறையில் ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவாக ஒரு நீல டிரம் எப்போதும் நிற்கும். அதன் பழைய இடத்தில் இப்போது வேனிட்டி. கனவில் டிரம் வரவே இல்லை. நான் அசராமல் கதவோர மூலையில் ஒரு வட்டம் போட்டேன். "கடைசியா ஏத்துறது கதவுப் பக்கம்" என்றேன், தொழில் பெருமையோடு.

தாசன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க படிச்சவிய" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விருதுநகரில் வளைகாப்பு. அங்கே அந்தத் தாளைப் பையில் கொண்டுபோய், சம்பந்தி, அவர் மனைவி, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எல்லோருக்கும் விரித்துக் காட்டினேன். சம்பந்தி நிதானமான மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை நாங்களே கொண்டாந்து விடுறோம், அப்படியே அதையும் பாத்துருவோம்" என்றார். வள்ளி மகளோடு அங்கேயே தங்கினாள். ஞாயிறு நாலு மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் சனிக்கிழமையே ஊர் திரும்பி, தாசன் கிரவுட்டு பூசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். போகும்போது, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தரையில தண்ணி படப்பிடாது அண்ணாச்சி" என்றார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இன்று பிடிக்காவிட்டால் இனி வியாழன். போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, காலி டிரம்மைத் தூக்கிக்கொண்டு, கிரவுட்டுக் கோடுகளை மிதிக்காமல் பாண்டி ஆடும் பெண்பிள்ளை போல ஒற்றைக் காலில் தத்தித் தத்தி உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன்? சாத்தினால்தான் சிப்பி முழுதாக மூடும். சாத்திய கதவுக்குப் பின்னால் டிரம்மை நிறுத்தினேன். தாளில் போட்ட வட்டத்தில் அச்சாக உட்கார்ந்தது. வேனிட்டிக் குழாயில் ரப்பர் குழாயை மாட்டி டிரம்முக்குள் விட்டேன்.

பிறகு கக்கூஸ் மூடியின் மேல் உட்கார்ந்தேன். கண்ணாடிச் சன்னல் வழியாக வெயில் விழுந்து நாலு சுவரிலும் மெல்ல நடந்தது. தண்ணீர் விழும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே போனது. இந்த வெளிச்சத்தில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டினால் அது அழவே அழாது என்று நினைத்தேன். கண்ணை மூடினேனா, தூங்கினேனா, தெரியாது. டிரம் தளும்பப் போன சத்தத்தில் விழித்துக் குழாயை மூடினேன். மனநிறைவோடு எழுந்து கதவை இழுத்தேன்.

கதவு இரண்டு விரல் அளவு வந்து டிரம்மில் முட்டி நின்றது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உலகத்தில் உள்ள அத்தனை கன்டெய்னர் கதவுகளும் வெளிப்பக்கம் திறப்பவை. இருபத்தாறு வருடத்தில் நான் வரைந்த எந்தப் படத்திலும் கதவு உள்ளே வந்ததே இல்லை. என் குளியலறைக் கதவு உள்ளேதான் வரும்.

டிரம்மைத் தள்ளினேன். மலையைத் தள்ளியது போல இருந்தது. காலிசெய்யலாம், ஆனால் தரையில் ஊற்றினால் கிரவுட்டு போய்விடும். ஒரே வழி, குவளை குவளையாக மொண்டு கக்கூஸுக்குள் ஊற்றுவது. ஆறு மணிவரை நேரம் இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். நாற்பதாவது குவளையில் வாசலில் கார் நின்றது.

ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். அதைக் காலையில் நாள்காட்டியில் பார்த்த சம்பந்தி எல்லோரையும் அப்போதே கிளப்பிவிட்டாராம். வள்ளி ஐந்து முறை போன் செய்திருக்கிறாள். கூடத்தில் அது தனியாக அடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

தன் சாவியால் கதவைத் திறந்து வந்த வள்ளி, "என்னங்க, உள்ளயா இருக்கிய?" என்றாள்.

"ம்."

"சீக்கிரம் வாங்க. பூரணிக்கு அவசரம்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தாளை அவ்வளவு நேரம் விரித்துக் காட்டியவன் எந்த வாயால் சொல்வது? வேகமாக ஊற்றினேன். மொண்டேன், ஊற்றினேன், மொண்டேன், ஊற்றினேன். கூடத்தில் பேச்சு மெல்ல நின்றுபோனது.

"சம்பந்திக்கு வயிறு சரியில்ல போல" என்றது சம்பந்தி அம்மாவின் குரல், மிகுந்த இரக்கத்தோடு.

"வளைகாப்புச் சாப்பாடா இருக்குமோ?" என்றார் சம்பந்தி, கலக்கத்தோடு. பிறகு கதவருகே வந்து, "சம்பந்தி, வெக்கப்படாதீங்க. உப்பும் சீனியும் கலந்து குடுக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், இப்ப பரவாயில்ல" என்றேன், ஐம்பத்தைந்தாவது குவளையை ஊற்றியபடி.

"பக்கத்து வீட்டுக்குப் போயிருவோமாளா?" என்று வள்ளி மகளிடம் கேட்பது காதில் விழுந்தது. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் செங்குத்தான மாடிப்படி.

அப்போது அந்த இரண்டு விரல் இடுக்கில் வளையல் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். வீங்கிய இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்றை ஒன்று மாற்றி மாற்றி நின்றன.

"எப்பா" என்றாள் பூரணி, வேறு யாருக்கும் கேட்காத குரலில். "முடியலப்பா."

என் கனவெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வடிந்துவிட்டது. குவளையை எறிந்தேன். பாதிக்கு மேல் இருந்த டிரம்மின் வாயைக் கட்டிக்கொண்டு, கால்களைச் சுவரில் ஊன்றி, பலம்கொண்ட மட்டும் சாய்த்தேன். தண்ணீர் ஓவென்று இறங்கியது. உப்பு வெள்ளைக் கிரவுட்டு இடுக்குகளிலிருந்து பால் போலக் கரைந்து எழும்பி, நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் பாய்ந்தது. சம்பந்தி வேட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்காலி மேல் காலை வைத்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது டிரம். அடுத்து நான், முழங்கால்வரை வெள்ளையாக.

ஆனால் பூரணி காலை எடுத்து வைக்கப் போனபோதுதான் திரும்பிப் பார்த்தேன். என் முத்துத் தரை முழுவதும் தண்ணீர். பளபளவென்று மின்னியது. ஐந்து மாதமாக மனசுக்குள் அவள் வழுக்கி விழுந்த அதே தரை. நானே தேடித் தேடி வாங்கி, நானே தண்ணீரும் ஊற்றி வைத்திருந்தேன்.

"நில்லு!" என்று கத்தினேன். அடுக்களைக்கு ஓடிப்போய் இரண்டு கோணிச் சாக்குகளைக் கொண்டுவந்து டைல்ஸ் மேல் விரித்தேன். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நான் பின்னால் பின்னால் நடக்க, அவள் சாக்கின் மேல் ஒவ்வோர் அடியாக வந்தாள்.

"எப்பா, எனக்கு நடக்கத் தெரியும்ப்பா."

"தெரியும் தெரியும். நீ பாத்து நட."

பத்திரமாகச் சேர்த்துவிட்டேன். திரும்பும்போது சாக்கு மூடாத ஒரே ஒரு டைல்ஸ் இருந்தது. அதில்தான் நான் கால் வைத்தேன். விழுந்த வேகத்தில் நிலைப்படி தாண்டிச் சம்பந்தியின் காலடிவரை சறுக்கிக்கொண்டே வந்தேன். கடைக்காரர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சம்பந்தி இரு கையாலும் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். உள்ளேயிருந்து பூரணியின் சிரிப்பு கேட்டது. அடக்க முடியாமல், மூச்சு வாங்கி, மறுபடி மறுபடி. அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு இடுப்பு வலித்தது.

தாசன் மறுநாள் வந்தார். சாம்பல் நிறக் கிரவுட்டு பூசினார், கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார், போகும்போது, "இப்ப கன்டெய்னர் மாதிரி ஆயிட்டுல்லா அண்ணாச்சி" என்றார். முத்து நிறத் தரை இன்றுவரை கோணிச் சாக்குக்கு அடியில்தான் இருக்கிறது. டிரம்மின் கதையைச் சம்பந்தி அம்மாவிடம் மூன்று முறை விளக்கிவிட்டேன். மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, வருகிற ஆள் கையில் ஒரு பாட்டில் ஓம வாட்டர் கொடுத்து அனுப்புவார். வேனிட்டி அலமாரி நிறைய அதுதான்.

பேத்திக்கு இப்போது இரண்டு வயது. அவர்கள் வரும்போதெல்லாம் பூரணி குழந்தையோடு குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்பேன். இரண்டு நிமிடம் சத்தம் இல்லையென்றால் எனக்குத் தாங்காது. "ஏளா, பாத்து நில்லுங்க. சாக்கு மேலதான நிக்கிய?" என்பேன்.

உள்ளேயிருந்து பதில் வரும்: "எப்பா, டிரம் இன்னும் காலியாகலப்பா. போய் உக்காருங்க."

நான் போய் உட்கார்வதில்லை.